திறப்பு விழா உண்டு, திறப்பு இல்லை

எங்கள் ஊர்த் தமிழில் ‘திறப்பு’ என்றால் சாவி. திறப்பு விழா என்றால் ரிப்பன் வெட்டுவது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்த முன்னோர், விழா நடந்த இடத்தில் சாவியும் இருக்கும் என்று நம்பியிருக்க வேண்டும். பாவம், அவர்களில் ஒருவராவது அரச கந்தோரில் புத்தகம் கேட்டுப் போயிருக்க மாட்டார்.

ஒக்டோபர் வந்தால் நாட்டில் தேசிய வாசிப்பு மாதம். திருகோணமலையும் சும்மா இருக்காது. பாடசாலைப் பிள்ளைகள் வாசிப்பின் மகிமை எழுதிய மட்டைகளைப் பிடித்துக்கொண்டு வெயிலில் ஊர்வலம் போவார்கள். குத்துவிளக்கு ஏற்ற ஐந்து பேர் வருவார்கள். ஏற்றக் கிடைக்காதவர்களுக்குப் பொன்னாடை. பேசுகிற பெரியவரிடம் கடைசியாக வாசித்த புத்தகம் எது என்று கேட்டுவிடாதீர்கள். வாசிப்பு மாதத்தில் அப்படிக் கேட்பது அநாகரிகம். விழா முடிந்ததும் பிரெட்ரிக் கோட்டைப் பக்கமிருந்து ஊருக்குள் உலாவ வரும் மான்களில் ஒன்று, கீழே கிடக்கும் நிகழ்ச்சி நிரலை மென்று விழுங்கும். அரசு அச்சிட்ட தாளை ஆதியோடந்தமாக உள்வாங்கிய பொதுமகன், நான் கண்டவரையில், அந்த மான் ஒன்றுதான்.

நவம்பரில் பனர் இறங்கும். அலுமாரி பூட்டப்படும். இல்லை, பிழை. அலுமாரி ஒக்டோபரிலும் பூட்டித்தான் இருந்தது. பனர் அதை மறைத்திருந்தது.

மாவட்டத்தில் ஒரு கந்தோர். பெயர் வேண்டாம்; எந்தப் பெயரைச் சொன்னாலும் மற்றக் கந்தோர்கள் தங்களை விட்டுவிட்டேன் என்று கோபிக்கும். அங்கே ‘நூலகப் பிரிவு’ என்று பலகை போட்ட ஓர் அறை. அறைக்குள் கண்ணாடி அலுமாரி. கண்ணாடிக்குப் பின்னால் தாபன விதிக்கோவை இரண்டு தொகுதியும், நிதிப் பிரமாணங்களும், கட்டிவைத்த வர்த்தமானிகளும். மூதூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு பிள்ளை, புதிதாக நியமனம் பெற்ற முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர், வரிசையில் எனக்கு முன்னால் நிற்கிறாள். ஈ.பி. என்று எல்லோரும் சொல்லும் வினைத்திறன்காண் தடைப் பரீட்சை அவளுக்கு நெருங்கிவிட்டது. அதில் தேறாவிட்டால் சம்பள ஏற்றம் நிற்கும்.

“அது உசாத்துணை, தங்கச்சி. வெளியில குடுக்கேலாது.”

“பரவாயில்ல சேர், இங்கேயே இருந்து பாத்து எழுதுறன்.”

“பாக்கலாம். ஆனா அலுமாரித் திறப்பு மிஸ்ஸிட்ட. அவ பிரசவ லீவு.”

“எப்ப வருவா?”

“லீவு எத்தின நாளெண்டு பாத்தாத்தான் சொல்லலாம். அது தாபன விதிக்கோவையிலதான் கிடக்கு.”

“அது எங்க சேர்?”

“அலுமாரிக்குள்ள.”

அவர் பகிடி விடவில்லை. முகத்தில் அரச முத்திரை போன்ற அமைதி. பிள்ளை கண்ணாடியில் முகத்தை வைத்து, முதுகுப்பக்க எழுத்தை வாசித்துவிட்டுப் போனாள். அவளுக்குக் கிடைத்த உசாத்துணைச் சேவை அவ்வளவுதான்.

பிள்ளை பெற்ற அந்த மிஸ்ஸில் ஒரு பிழையும் இல்லை. முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாள் லீவு அவரின் உரிமை. ஓர் அலுமாரிக்கு ஒரே திறப்புப் போதும் என்று தீர்மானித்தவரைத்தான் நான் தேடுகிறேன். அவர் லீவில் இல்லை. இந்த நாட்டில் அவர் ஒருநாளும் லீவு எடுப்பதில்லை.

அவர் முட்டாளும் அல்ல. கணக்குத் தெரிந்தவர். அரச புத்தகம் ஒன்று தொலைந்தால் நிதிப் பிரமாணம் 104 விழித்துக்கொள்ளும்: விசாரணை, அறிக்கை, யார் பொறுப்பு, யார் கையிலிருந்து அறவிடுவது. வருடக் கடைசியில் 756இன்படி ஒரு குழு வந்து மேசை, கதிரை, மின்விசிறி, புத்தகம் எல்லாவற்றையும் ஒரே இடாப்பில் எண்ணிச் சரிபார்க்கும். புத்தகம் இருக்கிறதா? இருக்கிறது. சரி அடையாளம் விழும். யாராவது அதைத் திறந்தார்களா? அப்படியொரு நிரல் அந்த இடாப்பில் இல்லை. மின்விசிறியையாவது சுற்றுகிறதா என்று போட்டுப் பார்ப்பார்கள். பத்து வருடம் யாரும் தொடாத புத்தகத்துக்காக எந்த உத்தியோகத்தரும் விளக்கம் எழுதியதில்லை. இரவல் கொடுத்துத் தொலைந்த ஒன்றுக்காக எழுத நேரும். பிறகு எந்த மடையன் கொடுப்பான்?

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். யாழ்ப்பாண நூலகத்துக்கு ஆலோசனை சொன்னவரும் அவர்தான். புத்தகம் இருப்பது பயன்படுத்த என்பதிலிருந்துதான் அவர் தொடங்குகிறார். நம் கந்தோர்களிலும் ஐந்து விதிகள் உண்டு. அச்சாகவில்லை, ஆனால் எல்லோருக்கும் மனப்பாடம்.

1:1 புத்தகம் இருப்பது எண்ணுவதற்கு.

1:2 ஒவ்வொரு வாசகருக்கும் ஒரு கிராம உத்தியோகத்தர் சான்றிதழ், ஒரு பிணையாளி, எல்லாவற்றிலும் இரண்டு பிரதி.

1:3 ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பூட்டு.

1:4 உத்தியோகத்தரின் நேரத்தை மிச்சப்படுத்துக. வாசகரிடம் நேரம் தாராளம். இல்லாவிட்டால் வாசிக்க வந்திருப்பாரா?

1:5 நூலகம் வளரும் உயிர். கறையான் சாட்சி.

இதுவரை சிரித்தது போதும். இனிச் சிரிக்க ஒன்றுமில்லை.

வர்த்தமானியில் ஒரு கட்டளை வந்துவிட்டால் அது எல்லோருக்கும் தெரிந்ததாகவே அரசு எடுத்துக்கொள்ளும். சட்டம் தெரியாது என்பது சாக்காகாது. நல்லது. இந்த மாவட்டத்துச் சம்பூர்ச் சனம் 2006இல் செல்லடிக்குள் ஊரை விட்டு ஓடியது. 2007 மே மாதம் அதிவிசேட வர்த்தமானி ஒன்று அவர்களுடைய மண்ணை உயர்பாதுகாப்பு வலயமாக்கியது. அப்போது அந்தச் சனம் முகாம்களில் தறப்பாளுக்குக் கீழே இருந்தது. அந்தத் தாளை அவர்கள் எந்த நூலகத்தில் போய்ப் பார்ப்பது? எந்த அலுமாரி, யாரிடம் திறப்பு? ஊரும் வயலும் போன செய்தி சட்டப்படி அவர்களுக்குத் ‘தெரிந்திருந்தது’. மெய்யாகத் தெரிந்தது காவலரண் மறித்தபோது. மீள்குடியேற்றம் தொடங்க 2015 ஆயிற்று. வயலுக்கு எல்லைக்கல் போட யாராவது வந்தபிறகுதான் வர்த்தமானி இலக்கத்தைக் கேள்விப்படும் விவசாயிகள் இந்த மாவட்டத்தில் இன்றும் இருக்கிறார்கள். உசாத்துணை நூலகம் படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்கிற கனவான்களே, அவர்களிடம் போய்க் கேளுங்கள். அவர்களுக்கு வேண்டியது நாவல் அல்ல. தங்கள் காணியைப் பற்றி அரசு எழுதிய ஒற்றைத் தாள்.

அந்தத் தாள் கிடைத்தாலும் எந்த மொழியில் கிடைக்கும்? 1987இன் 13ஆவது திருத்தம் தமிழும் அரச கரும மொழி என்கிறது. இந்த மாவட்டத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தமிழ் பேசுகிறவர்கள். சுற்றுநிருபம் சிங்களத்தில் நடந்து வரும். தமிழ் மொழிபெயர்ப்பு தவழ்ந்து வரும். இடையில் இருக்கும் மாதங்களில் தமிழ் உத்தியோகத்தர் பிழை விட்டால், ஒழுக்காற்று விசாரணைக் கடிதம் மட்டும் உரிய காலத்தில் வந்து சேரும்.

இரவல் கொடுப்பதென்றால் அரசுக்கு நடுக்கம் என்று யாரும் நினைக்கவேண்டாம். சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிவிட்டுப்போன 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பாருங்கள். 2022 ஜனவரி ஒப்பந்தத்தின்படி 14 லங்கா இந்திய ஒயில் கம்பனிக்கு, 61 பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் அதே கம்பனியும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு, மிச்சம் 24 கூட்டுத்தாபனத்துக்கு. குத்தகை 50 வருடம். அது நல்லதா கெட்டதா என்பது வேறு வழக்கு. நான் கேட்பது நூலகக் கேள்வி: அந்த இரவலுக்குக் கிராம உத்தியோகத்தர் சான்றிதழ் வாங்கினார்களா? திருக்கடலூர் மீனவருடைய மகள் ஒரு சட்டப் புத்தகத்தை இரண்டு கிழமைக்குக் கேட்டால், நிரந்தர உத்தியோகத்தில் உள்ள பிணையாளி எங்கே என்கிறீர்கள். தாங்கியை அரை நூற்றாண்டுக்கு நம்பிக் கொடுக்கலாம். புத்தகத்தைப் பதினான்கு நாளுக்கு நம்பிக் கொடுக்கக் கூடாது. தாங்கி தொலையாது என்பதாலா? நம்பிக்கை ஆளைப் பார்த்துத்தான் வருகிறது என்பதாலா?

வாசிக்கத் தெரியாத ஊரல்ல இது. ஈழத்தின் முதல் மூன்று தமிழ் நாவல்களில் இரண்டை எழுதியவர்கள் திருகோணமலையார். 1891இல் ‘ஊசோன் பாலந்தை கதை’ எழுதிய இன்னாசித்தம்பி ஒருவர். 1895இல் ‘மோகனாங்கி’ எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை மற்றவர். சரவணமுத்துப்பிள்ளை சென்னையில் மாநிலக் கல்லூரியோடு சேர்ந்த கீழைத்தேயச் சுவடி நிலையத்தில் நூலகராக இருந்தவர். அந்தக் காலத்தில் சுவடிகளைத் திறந்துகொடுக்கச் சென்னைக்கு ஆள் அனுப்பிய ஊர், இன்று தன் அலுமாரியைத் திறக்க ஆளில்லாமல் நிற்கிறது.

“எல்லாம் இணையத்தில் இருக்கிறதே, ஐயா?” இதைச் சொல்கிறவருக்குக் கந்தோர் செலவில் இணைய இணைப்பு இருக்கும். வெருகலில் இருக்கிற விவசாயி டேட்டா காட் போட்டு, சின்னத் திரையில் நூறு பக்க வர்த்தமானியில் தன் கிராமத்தின் பெயரைத் தேட வேண்டும். தேடித்தர ஒருவர் வேண்டாமா? அந்த ஒருவருக்குப் பெயர்தான் உசாத்துணை நூலகர். தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றுகிற ‘நூலகம்’ திட்டத்தை 2005இல் தொடங்கியவர்கள் தன்னார்வலர்கள். அவர்களுக்கு அரச வாகனமும் கிடைக்கவில்லை, ரிப்பனும் கிடைக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, வேலை நடக்கிறது.

1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் 97,000 புத்தகங்களை எரித்தார்கள். உலகம் பேசியது, இன்றும் பேசுகிறது. எரித்தவர்களுக்கு யோசனை போதாது. பெற்றோல் செலவு, புகை, கெட்ட பெயர். பூட்டியிருந்தால் ஒரு காகமும் கத்தியிருக்காது. அலுமாரிக்குள் உக்குகிற புத்தகத்துக்கு யாரும் நினைவுநாள் வைப்பதில்லை. எரித்தவர்களை நாம் மன்னிக்கவில்லை. பூட்டுகிறவர்களுக்கு மட்டும் ஏன் வருடாவருடம் பொன்னாடை போர்த்துகிறோம்?

வாசிக்கிறவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. உங்கள் பிரதேச சபைக்கும் கந்தோருக்கும் ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள்: கடந்த வருடம் உங்கள் நூலக அலுமாரி எத்தனை தடவை திறக்கப்பட்டது, எத்தனை புத்தகம் இரவல் போனது? கொடுப்பதா மறுப்பதா என்று 14 வேலை நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்லியாக வேண்டும். இடாப்பில் இல்லாத அந்த நிரலை நாம்தான் கோடு போட்டுக் கொடுக்கவேண்டும்.

அடுத்த ஒக்டோபரில் பிரதம விருந்தினராக வரப்போகும் ஐயாவுக்கும் ஒரு வார்த்தை. கத்தரிக்கோலை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். வரும் வழியில் திறப்பு வெட்டுகிற கடைக்காரர் ஒருவரையும் ஏற்றிக்கொண்டு வாருங்கள். இன்னொரு திறப்பு வெட்ட அவருக்குப் பத்து நிமிடம் போதும். காசை நான் தருகிறேன்.