டைகருக்கு நான் பார்த்த வைத்தியம்

எனக்கு இரண்டு தும்மல் வந்தால் மூன்றாவது தும்மலைக் கிளினிக்கில் போய்த்தான் போடுவேன். அவ்வளவு பயம். ஆனால் நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் மட்டும் எனக்குள் ஒரு சித்தர் எழுந்து உட்கார்ந்துகொள்வார். "இயற்கையை மிஞ்சிய மருந்து உண்டா?" என்பார். அவருக்கு கன்சல்டேஷன் ஃபீஸ் கிடையாது. அவரிடம் எனக்குப் பிடித்ததே அதுதான்.

நாயின் பெயர் டைகர். பெயர் வைத்தது நான். நாயை நேரில் பார்த்தவர்கள், அதன் விஷயத்தில் நான் எடுக்கும் முடிவுகளின் தரத்தை அப்போதே புரிந்துகொண்டிருப்பார்கள்.

குடியிருப்பது ஈப்போ, புந்தோங் பக்கம். மருத்துவம் படித்தது சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். படித்தது என்றால், லயத்து வாசலில் குந்தியபடி பெரியவர்கள் செய்ததை வேடிக்கை பார்த்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மனிதர்களுக்கே ஒரு டிரஸ்ஸர்தான். இதில் நாயை யார் பார்ப்பது? சொறி பிடித்தால் லாரி இன்ஜினிலிருந்து வடித்த கறுப்பெண்ணெயில் கந்தகத் தூளைக் குழைத்து வால் நுனிவரை பூசிவிடுவார்கள். கொஞ்ச நாளில் சில நாய்களுக்கு முடி முளைக்கும். முளைத்த நாயைத் தோட்டமே கொண்டாடும். முளைக்காத நாய்கள் வந்து புகார் சொல்லவா போகின்றன?

ரொம்ப காலம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. டெமோடெக்ஸ் என்று ஒரு கண்ணுக்குத் தெரியாத பூச்சி. அதனால் குட்டி நாய்க்கு அங்கங்கே திட்டாக முடி கொட்டினால், ஒன்றுமே செய்யாவிட்டாலும் பெரும்பாலும் தானாக ஆறிவிடும். கந்தகத்துக்கு நிஜமாகவே சொறிப் பூச்சியைக் கொல்லும் சக்தி உண்டு. சுண்ணாம்பும் கந்தகமும் சேர்ந்த கரைசலை மிருக டாக்டர்கள் இன்றைக்கும் பயன்படுத்துகிறார்கள். கறுப்பெண்ணெய்தான் விஷம். தோலைப் புண்ணாக்கும்; நாய் நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். ஆக, தோட்டத்துப் பெரியவர்களின் பார்முலாவில் பாதி சரி. வொர்க்‌ஷாப்பில் கெஞ்சிக் கேட்டு டைகருக்காக நான் வாங்கி வந்தது மற்றப் பாதியை.

நல்லவேளை, பூசுவதற்குள் டப்பா கவிழ்ந்து போர்ச் முழுக்கக் கொட்டிவிட்டது. என் வீட்டு சிமெண்டுக்கு இனி சொறி வராது.

டைகருக்கு வந்தது சொறியும் இல்லை. உண்ணி. காது மடலுக்குள், கால் விரல் இடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில் என்று எங்கெங்கும் உண்ணி. நானும் சாயங்காலம் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மண்ணெண்ணெய் ஊற்றிய மைலோ டின்னில் போட்டுக்கொண்டிருந்தேன். பெரிய வெற்றி மிதப்பு. ஒரு பெண் உண்ணி நாயை விட்டு இறங்கிப்போய்ச் சுவர் இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும் என்பது எனக்குத் தெரியாது. அவர்கள் ஃபேக்டரி நடத்திக்கொண்டிருந்தார்கள். நான் சில்லறை வியாபாரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

உண்ணிக்கு மருந்து கேட்டுப் போன கடையில் ஒரு மாத்திரையைக் காட்டினார்கள். நாய் மென்று தின்றால் மூன்று மாதத்துக்கு கடிக்கிற உண்ணியெல்லாம் செத்துப்போகுமாம். பெட்டியைத் திருப்பி, பின்னால் எழுதியிருந்ததைக் கண்ணைச் சுருக்கிப் படித்தேன். "ஐயோ, இதெல்லாம் கெமிக்கல்" என்று வைத்துவிட்டேன். அப்போது என் மற்றொரு கையில் ஈப்போ ஒயிட் காபி இருந்தது. த்ரீ-இன்-ஒன்.

தோட்டத்துப் பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். "சோத்துல பூண்டத் தட்டிப் போடுய்யா. ரத்தத்துல வாசம் ஏறிட்டா உண்ணி அண்டாது" என்றார். போட்டேன். உண்ணி போகவில்லை, வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்த சொந்தக்காரர்கள்தான் வருவதைக் குறைத்தார்கள்.

பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும் என்று பிற்பாடு படித்தேன். அதாவது அந்த நாயின் ரத்தத்தை வெளியிலிருந்து உண்ணியும் உள்ளிருந்து நானும் பங்கு போட்டிருக்கிறோம்.

இதற்குள் டைகர் சாப்பாட்டைத் திரும்பிப் பார்ப்பதை நிறுத்தியிருந்தது. வயிற்றில் சிவப்பாகப் புள்ளி புள்ளியாக இருந்தது. எதிர்வீட்டு அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்து, "டெங்கி மாதிரிதான் இருக்கு" என்றார். நாய்க்கு டெங்கி வருமா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. உடனே பப்பாளி இலை. அதற்கு என்னிடம் ஆதாரமே இருந்தது. நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காரர்கள் டெங்கி நோயாளிகளுக்கு மூன்று நாள் பப்பாளி இலைச் சாறு கொடுத்துப் பார்த்து, பிளேட்லெட் வேகமாக ஏறியதாக 2013-இல் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். அந்த நோயாளிகளில் யாருக்கும் வால் இல்லை என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சாறு பிழிந்து, டைகரைத் தொடைக்கு நடுவில் இடுக்கி, வாயைப் பிளந்து ஊற்றினேன். அது தலையை ஒரு உலுக்கு உலுக்கியது. அப்படி ஒரு கசப்பை வாழ்க்கையில் நான் குடித்ததில்லை. அன்றைக்கு யாருக்காவது பிளேட்லெட் ஏறியிருந்தால் அது எனக்குத்தான்.

என் மனைவி "டாக்டர்கிட்ட போகலாமே" என்று சொல்லும்போதெல்லாம் நான் நோபல் பரிசை எடுத்து வீசுவேன். 2015-ஆம் ஆண்டு மருத்துவ நோபலில் பாதி, சீனத்துப் பச்சிலையிலிருந்து மலேரியா மருந்து கண்டுபிடித்த தூ யூயூ அம்மாவுக்குப் போனது. "பாத்தியா? பச்சிலைக்கு நோபல்!" மனைவி ஒருநாள் மீதிப் பாதியையும் படித்துவிட்டார். அது போனது ஜப்பான் மண்ணில் கிடைத்த ஒரு கிருமியிலிருந்து ஐவர்மெக்டின் வரக் காரணமான ஒமுராவுக்கும் கேம்ப்பெலுக்கும். ஐவர்மெக்டின் என்பது மிருக கிளினிக்கில் சொறிக்கும் புழுவுக்கும் கொடுக்கிற அதே மருந்து. போதாக்குறைக்கு, தூ யூயூ அந்த மருந்தை முதலில் தன் உடம்பில் சோதித்துப் பார்த்தவராம். "நீங்க பூண்டுச் சோத்த மொதல்ல யாருக்குப் போட்டீங்க?" என்றார். அத்தோடு வீட்டில் நோபல் விவாதம் நின்றுபோனது.

என்னை மட்டும் சொல்லிப் பயனில்லை. கோவிட் காலத்தில் இதே ஐவர்மெக்டினைத் தேடி ஊரே அலைந்தது நினைவிருக்கும். கடைசியில் நம் ஈப்போ ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனை டாக்டர்கள் முன்னின்று, நாடு முழுக்க 490 நோயாளிகளிடம் அதை முறையாகச் சோதித்தார்கள். நோய் முற்றுவதை அது தடுக்கவில்லை என்று 2022-இல் முடிவு வந்தது. மனிதன் மாட்டு மருந்தைத் தேடி ஓடினான். நான் எதிர்த்திசையில் மனித மருந்தைத் தூக்கிக்கொண்டு நாயிடம் வந்தேன். வழியில் எங்காவது சந்தித்திருப்போம்.

டைகரின் தோலும் அங்கங்கே சிவந்து போயிருந்தது. தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தலை முதல் கால் வரை பூசினேன். இன்றும் சோபாவின் இடது பக்கம் அதற்குச் சாட்சி. அந்தக் கோலத்திலேயே காடியில் ஏற்றிக்கொண்டு பழைய தோட்டத்து முனியாண்டி கோயிலுக்குப் போனேன். ரப்பரெல்லாம் போய்ச் சுற்றிலும் செம்பனைதான். லயமும் இல்லை. முனியாண்டி மட்டும் இடம் மாறாமல் இருக்கிறார். சுருட்டும் தேங்காயும் தட்டில் வைத்து, நாய்க்கு மந்திரித்துக் கயிறு கட்டச் சொன்னேன்.

பூசாரி டைகரைப் பார்த்தார். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். "ஏம்ப்பா, வெளுத்துப் போயிருக்கே. ஊசி போடுற எடத்துக்குக் கூட்டிட்டுப் போவலியா?" என்றார். அவர் வீட்டு நாய்க்குத் தடுப்பூசி கார்டே இருக்கிறதாம். கயிறும் கட்டினார். காசு வாங்கவில்லை, "அங்க தேவப்படும்" என்றார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கால்நடை ஆராய்ச்சிக் கழகம் என்று ஒரு பெரிய நிறுவனம் 1948-இலிருந்து எங்கள் ஈப்போவிலேயே இருக்கிறது. அதன் வாசலைக் கடந்து போகும்போதுகூட நான் பெரியம்மாவிடம் போனில் பேசிக்கொண்டு போயிருக்கிறேன்.

கிளினிக்கில் இருந்தது ஒரு இளம் சீனப் பெண் டாக்டர். டைகரைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. காதைத் திருப்பினார், கண் இமையை விலக்கினார், வயிற்று முடியைப் பிரித்தார். கல்லீரல் கெட்டு மஞ்சள் காமாலை முற்றிவிட்டது என்று நினைத்திருக்கிறார். பிறகு தன் கையுறையைப் பார்த்தார். அதுவும் மஞ்சள். மெதுவாக முகர்ந்தார்.

"அங்கிள், இது கறிக்குப் போடுறதுதானே?" என்று மலாயில் கேட்டார். நான் சுவரில் ஒட்டியிருந்த பூனைப் படத்தைப் பார்த்தேன்.

வேறு என்னென்ன கொடுத்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். மஞ்சளை மறைக்க வழியில்லை. பூண்டைச் சொன்னேன். பப்பாளி இலையைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். மைலோ டின்னைச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டினால் டாக்டருக்கு என் மேல் இருக்கும் மரியாதை என்னாவது?

ரத்தம் எடுத்து ஒரு சின்ன கிட்டில் விட்டார். எர்லிக்கியா. உண்ணி வழியாக வந்து வெள்ளை அணுக்களுக்குள் குடியேறும் கிருமி. பிளேட்லெட்டைக் குறைத்துவிடும்; வயிற்றுப் புள்ளிகளுக்குக் காரணம் அதுதான். டாக்ஸிசைக்ளின் மாத்திரை, நான்கு வாரம், நடுவில் நிறுத்தக் கூடாது என்றார். கூடவே அந்த மூன்று மாத உண்ணி மாத்திரையும். டைகர் அதைக் கச்சாங் பூத்தே மாதிரி கடித்துத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டது. பில்லைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. பூண்டு, எண்ணெய், மஞ்சள், சோபா துணி என்று மனசுக்குள் கூட்டிப் பார்த்ததில் அதைவிட அதிகமாகச் சுற்றியது.

இத்தோடு திருந்திவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? டாக்ஸிசைக்ளினை ரொட்டி சானாயில் சுருட்டிக் கொடுப்பேன். டைகர் ரொட்டியைத் தின்றுவிட்டு, மாத்திரையைத் துடைத்த மாதிரி சுத்தமாகப் பாயில் வைத்துவிட்டுப் போகும். மீனுக்குள் வைத்தாலும் அதே மரியாதை. எப்படியோ பாதி உள்ளே போய், நாய் எழுந்து ஓட ஆரம்பித்தது. உடனே சித்தரும் எழுந்துகொண்டார். "ஆங்கில மருந்து ஓவராப் போனா சூடு." மாத்திரையை நிறுத்திவிட்டேன். பெரியம்மாவிடம் நாய் தேறிவிட்டதைச் சொன்னேன். "பூண்டு சும்மாவா?" என்றார். "ஆமா பெரியம்மா" என்றேன். நோய் திரும்ப வந்ததை அவரிடம் சொல்லவில்லை.

மறுபடி கிளினிக். மறுபடி நான்கு வாரம், முதலிலிருந்து. இந்தத் தடவை மாத்திரை எண்ணும் வேலை மனைவியிடம் போய்விட்டது. கோர்ஸ் ஒழுங்காக முடிந்தது. ஆனால் மருந்து வயிற்றைக் கொஞ்சம் கலக்கிவிட்டது. கடைசியாகக் காட்டப் போனபோது டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, ரெண்டு நாளைக்கு அரிசிக் கஞ்சியும் வேகவைத்த கோழியும் போதும், பரங்கிக்காய் இருந்தால் மசித்துப் போடுங்கள், உப்பு வேண்டாம் என்றார்.

அவ்வளவுதானா என்று நின்றேன். கஞ்சியா?

"டாக்டர், கொஞ்சம் ஸ்ட்ராங்கா மாத்திரை எதுவும் இல்லையா?" என்று கேட்டேன்.