நீலப் பெட்டியும் தயிர் டப்பாவும்

எண்பதுகளின் கடைசியில் குரும்பலூருக்குள் பெட்டியோடு இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் சைக்கிளில் வரும் குச்சி ஐஸ்காரர். அவரைக் கண்டால் ஓடுவோம். இன்னொருவர் துறையூர் பஸ்ஸிலிருந்து நீலப் பெட்டியோடு இறங்கும் நர்சம்மா. அவரைக் கண்டாலும் ஓடுவோம், எதிர்த்திசையில்! 1985இல் தொடங்கிய தேசியத் தடுப்பூசித் திட்டம் மாவட்டம் மாவட்டமாகப் பரவிய காலம் அது. நாங்கள் அப்போது திருச்சி மாவட்டம்.

எங்கள் அப்பாயிக்கு ஊசி மேல் நம்பிக்கை இல்லை. பெட்டி மேல் மட்டும் தனி அக்கறை. "நிழல்ல வைம்மா, மருந்து வெந்துபோயிரும்" என்பார். ஐஸ் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது என்பது அவர் கட்சி. அன்று படித்தவர்களில் பாதிப் பேர் கட்சியும் அதுதான்.

போலியோ சொட்டு மருந்து விஷயத்தில் அப்பாயி ஜெயித்தார். அதற்கு வெப்பம்தான் எதிரி. முத்தடுப்பு ஊசிக்கோ எமன் உறைபனி. அதில் கலந்திருக்கும் அலுமினிய உப்பு உறைந்தால் திரிந்துவிடும். இளகிய பிறகு பார்த்தால் மருந்து போலவே இருக்கும், வேலைதான் செய்யாது. இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் வை என்பது இதனால்தான். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே பெட்டியில் அடுக்கக் கூடாது. கொஞ்ச நேரம் வெளியே கிடந்து மேலெல்லாம் வியர்க்க வேண்டும். காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும். அப்புறம்தான் மருந்துக்குப் பக்கத்தில் அதற்கு இடம்.

இப்போது ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஐஎல்ஆர் என்ற தடுப்பூசிக் குளிர்சாதனம் இருக்கிறது. மேல்பக்கம் திறக்கும் பெட்டி. குளிர்காற்று கனமானது, மூடியைத் திறந்தாலும் அடியிலேயே கிடக்கும். உட்சுவரை ஒட்டிப் பனிக்கட்டி. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் கரண்ட் கிடைத்தால் மீதியைச் சமாளித்துக்கொள்ளும். 2012 மின்வெட்டு நினைவிருக்கிறதா? விசிறி மட்டையோடு நாங்கள் திண்ணையில் புரண்ட இரவுகளில் இந்தப் பக்கத்தில் நிம்மதியாகத் தூங்கியது, அப்போதுதான் புதிதாக வந்திருந்த பென்டாவேலன்ட் தடுப்பூசி மட்டுமே.

2015இல் தடுப்பூசி இருப்பையும் குளிரையும் கண்காணிக்கும் 'இவின்' என்ற மின்னணு ஏற்பாடு தொடங்கியது. அதன்படி ஐஎல்ஆருக்குள் ஒரு வெப்பமானி, அதற்கென்று ஒரு சிம் கார்டு. அளவு தப்பினால் பொறுப்பாளர் போனுக்குச் செய்தி போய்விடும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நம் வீடுகளில் இன்னும் கழுத்தில் புறங்கை வைத்துத்தான் பார்க்கிறார்கள். மருந்துக்குக் காய்ச்சல் வந்தால் உடனே தந்தி!

இவ்வளவு இருக்க, என் அக்கா மகள், "கவர்மென்ட் ஊசி வேணாம் மாமா, காசு குடுத்தே போட்டுக்கலாம்" என்றாள். தனியார் கிளினிக்குக்குத் துணைக்குப் போனேன். ஏசி அறை, கண்ணாடிக் கதவு, சுவரெல்லாம் கரடி பொம்மை. மூலையில் சாதாரண வீட்டு ஃப்ரிட்ஜ். கதவுத் தட்டில் தடுப்பூசிக் குப்பிகள், நடுத்தட்டில் தண்ணீர் பாட்டில், யாருடையதோ தயிர் டப்பா, இலையில் சுற்றிய மல்லிகைப்பூ. நாங்கள் காத்திருந்த நேரத்தில் அந்தக் கதவு திறந்து மூடியபடியே இருந்தது. ஒவ்வொரு தடவையும் குப்பிகள் வெளிக்காற்றை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயின. பூ வாடாமல் இருந்தது, அதைச் சொல்ல வேண்டும்.

சின்ன வெங்காயத்துக்குப் பட்டறை போட்டு, காற்றுப் புக இடம் விட்டு, மாதக்கணக்கில் காக்கத் தெரிந்த ஊர்க்காரர்கள் நாம். எந்தச் சரக்கை எங்கே வைப்பது என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுக்கும் இடத்தில் மட்டும் வாய் திறக்க மாட்டோம்.

அரசுக் குப்பிகளின் மேல் ஒரு வட்டமும் அதற்குள் சதுரமும் இருக்கும். வெப்பம் பட்டால் சதுரம் கறுக்கும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்தக் குப்பி குப்பைக்கு. மருந்து உறைந்திருந்தால் இந்தச் சதுரம் காட்டிக்கொடுக்காது. அதற்குத் தெர்மாமீட்டர்தான் வேண்டும். காசு கொடுக்கிறவர்கள் கூச்சப்படாமல் கேளுங்கள்: தெர்மாமீட்டர் எங்கே, காலையும் மாலையும் அளவு எழுதிய நோட்டு எங்கே? பதில் வரவில்லையென்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். புதன்கிழமைகளில் சுகாதார நிலையத்தில் ஊசி இலவசம்.