காரீயமும் ரப்பரும்

கேள்வி: கனிம வியாபாரம் பார்த்தவர் நாட்டுக்கே தலைவராகிவிட முடியுமா?
(மாத்தளை வாசகர்)

பதில்: ஏன் முடியாது? உங்கள் இலங்கையின் டி.எஸ். சேனநாயக்காவே ஆனாரே! அப்பா டொன் ஸ்பேட்டர் காரீயத்தில் காசு பார்த்தவர். பென்சிலுக்குள் கறுப்பாக இருக்கிறதே, அதுதான். உலோகம் உருக்கும் மூசைக்கும் அதுவே வேண்டும். மகன் சில காலம் நில அளவைத் திணைக்களத்தில் குமாஸ்தா. பிறகு ரப்பர்த் தோட்டத்தையும் கஹட்டகஹ காரீயச் சுரங்கத்தையும் கவனிக்கப் போனார். 1915 கலவரத்தின்போது வெள்ளைக்காரன் பிடித்து உள்ளே போட்டான். அரசியலுக்கு அதைவிட நல்ல சான்றிதழ் உண்டா? 1931-ல் விவசாய அமைச்சர், 1947-ல் பிரதமர். வறண்ட பூமியில் பழைய குளங்களைச் சீராக்கியதும், கல்லோயாவுக்கு அணை கட்டியதும் வரவு.

பற்றுப் பக்கம்தான் உதைக்கிறது. காரீயம் எழுதும், ரப்பர் அழிக்கும். இரண்டையும் கையில் வைத்திருந்தவரின் ஆட்சியில்தான் 1948 குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழர் லட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். 1952-ல் காலிமுகத்திடலில் குதிரையிலிருந்து விழுந்து அவர் காலமானார். அழித்த பெயர்களைத் திரும்ப எழுத 2003-ல்கூட ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது.