காது பளிச், கண் மங்கல்!

கே: 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸ் வாங்கினேன். தங்கையைப் படமெடுத்தால் காதோரத்து முடியை எண்ணிவிடலாம். கண்தான் மங்கல். லென்ஸில் கோளாறா?
(கும்பகோணம் வாசகர்)

ப: பில்லைத் தேடாதீர்கள், லென்ஸ் நல்ல பிள்ளை. 1.8-ல் முழுக்கத் திறந்து ஒரு மீட்டர் தூரத்தில் நின்று எடுத்தால், சென்சாரின் அளவைப் பொறுத்து மூன்று நான்கு சென்டிமீட்டர் ஆழம்தான் கூர்மையாக விழும். மூக்கு நுனியிலிருந்து காதுவரை அளந்தால் பத்து சென்டிமீட்டரைத் தாண்டுகிறது. எதைப் பிடிப்பது என்று கேமராவையே முடிவெடுக்க விட்டால், அது ஜிமிக்கியைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடும். அதற்குத் தங்கையும் ஒன்றுதான், தொங்கட்டானும் ஒன்றுதான்.

ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாறுங்கள். கேமராவுக்குக் கிட்டே இருக்கிற கண்ணின்மேல் அந்தப் புள்ளியை நகர்த்தி வையுங்கள். கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் வசதி இருந்தால் தாராளமாகப் போடுங்கள், அதிலொன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை. நடுப்புள்ளியால் கண்ணைப் பிடித்து, பட்டனைப் பாதி அழுத்தியபடியே கேமராவைத் திருப்பி ஃப்ரேம் வைக்கும் பழைய வழக்கம் எஃப் 5.6-ல் பிழைத்துக்கொள்ளும். 1.8-ல் அந்தத் திருப்பலிலேயே கண் நழுவிவிடும்.

அப்புறம், 1.8 லென்ஸ் வாங்கிவிட்டோமே என்பதற்காக எல்லாப் படத்தையும் 1.8-லேயே எடுக்க வேண்டுமா? 2.8, 4 பக்கம் வந்து பாருங்கள். இருவர் முன்பின்னாக நின்றால் 5.6. பின்னணி மங்கலாக வேண்டுமென்றால் ஆளைச் சுவரைவிட்டு ஆறேழு அடி முன்னால் வரச் சொல்லுங்கள். செலவில்லாத வழி.

கே: புள்ளி கண்ணில்தான் இருந்தது. அப்படியும் மங்கல்!
(தேனி வாசகி)

ப: படத்தைப் பெரிதாக்கித் துப்பறியுங்கள். சட்டைக் காலர் கூர்மை, கண் மங்கல் என்றால் ஃபோகஸ் தப்பியிருக்கிறது. பின்சுவர் தெளிவு, ஆள் மட்டும் கலங்கல் என்றால் அவர் அசைந்திருக்கிறார். எங்குமே கூர்மை இல்லையென்றால் பெரும்பாலும் உங்கள் கை. பின்னிரண்டுக்கும் மருந்து ஷட்டர் வேகம்: நின்று போஸ் கொடுப்பவருக்கு 1/200, ஓடுகிற குழந்தைக்கு 1/500. வெளிச்சம் போதவில்லையா, ஐஎஸ்ஓவை 3200 வரைக்கும் ஏற்றுங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிவதை மென்பொருளில் குறைக்கலாம். ஆடிப்போன முகத்தை மீட்பது குதிரைக்கொம்பு.

கே: வெள்ளை வேட்டி சட்டையில் அப்பா, படத்தில் வேட்டி சாம்பல், முகம் இருட்டு. கறுப்புத் துணி முன்னால் நிறுத்தினால் முகம் வெளுக்கிறது. ஏன் இந்த ஓரவஞ்சனை?
(காரைக்குடி வாசகர்)

ப: கேமராவின் மீட்டருக்கு வேட்டி தெரியாது, அப்பா தெரியாது. தன் முன்னால் இருப்பது வெளிச்சத்தில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் நடுச்சாம்பல் என்றே நம்பிக் கணக்குப் போடும். வெள்ளை அதிகமிருந்தால் ‘அடடா, வெளிச்சம் கூடிப்போச்சு’ என்று குறைத்துவிடும். கறுப்பு அதிகமிருந்தால் கூட்டிவிடும். பிளஸ்-மைனஸ் குறி போட்ட பட்டன் அதற்குத்தான் இருக்கிறது. வேட்டிக்கு +1-ல் தொடங்குங்கள், கறுப்புத் துணிக்கு -1. எதுவரை ஏற்றலாம்? வேட்டியின் மடிப்பு மறையாதவரை.

முகத்துக்கும் இதே நியாயம். மாநிறமோ கறுப்போ, ஆள் எப்படி இருக்கிறாரோ அப்படி வந்தால்தான் அது சரியான எக்ஸ்போஷர். வெள்ளைத் தோலையே அளவுகோலாக வைக்கும் நோய்க்கு வயது அதிகம். ஃபிலிம் காலத்தில் அச்சிடும் கூடங்கள் நிறம் சரிபார்க்க வைத்திருந்த ‘ஷெர்லி’ அட்டையில் நெடுங்காலம் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான். கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையைச் சுண்ணாம்பு அடித்து அனுப்பும் நம் ஸ்டூடியோக்களுக்கோ எந்த அட்டையும் தேவைப்படவில்லை.

கே: ஜன்னலோரம் நிறுத்தினால் ஆள் கரிக்கட்டையாகிவிடுகிறார்.
(தூத்துக்குடி வாசகர்)

ப: ஜன்னலுக்கு முதுகு காட்டுகிறார். முகத்தைக் காட்டச் சொல்லிவிட்டு நீங்கள் இடம் மாறுங்கள்.

கே: முழு மேனுவலில் எடுப்பவர்தான் உண்மையான புகைப்படக்காரராமே?
(சேலம் வாசகி)

ப: படம் பார்ப்பவர் யாரும் டயலைப் பார்ப்பதில்லை. அப்பர்ச்சரை நீங்கள் வைத்து மற்றதைக் கேமராவிடம் விடும் ‘ஏ’ அல்லது ‘ஏவி’ மோடில் பழகுங்கள். ஷட்டர் வேகம் இறங்கிவிடாமல் மட்டும் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் மாறாத அறைக்குள் மேனுவல் சுகம்.

கே: மங்கலாக இருப்பதுதான் கலை என்கிறார் என் நண்பர். ஜூலியா மார்கரெட் கேமரனை வேறு துணைக்கு அழைக்கிறார்.
(புதுச்சேரி வாசகர்)

ப: நல்ல துணைதான். கல்கத்தாவில் பிறந்தவர். 1863-ல், 48 வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த கேமராவோடு தொடங்கியவர். டென்னிசனையும் டார்வினையும் எடுத்தவர். இலங்கையில் 1879-ல் இறந்தார். இந்தம்மாவுக்கு ஃபோகஸ் தெரியாது என்று அன்றைய விமர்சகர்கள் திட்டினார்கள். தன் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் லென்ஸைத் திருகுவதை நிறுத்தியவர் அவர். உங்கள் நண்பர் எந்த இடத்தில் நிறுத்தினார் என்று கேளுங்கள். ‘ஆட்டோவில் இருந்தது’ என்றால் பேச்சை மாற்றிவிடுங்கள்.

கே: என்னிடம் ஃபோன் மட்டும்தான்.
(நாகர்கோவில் வாசகி)

ப: முகத்தைத் தொடுங்கள், பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலும் கீழும் இழுத்து வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். அதற்கும் முன்னால், பஜ்ஜி தின்ற விரல் பட்ட லென்ஸைத் துடையுங்கள்.