சிங்கம் இருக்கிறதா, குனிந்து பாருங்கள்!

கே: லண்டன் பழம்பொருள் கடையில் ஐந்து கிளை விரித்த கேண்டலாப்ரா (மெழுகுவத்தித் தாங்கி) ஒன்று. 'ஸ்டெர்லிங்' என்றார்கள். அதென்ன தனி வெள்ளி?

ப: ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளி வளைந்து கொடுத்துவிடும். 916 கேட்டு நகை வாங்கும் நமக்கு இந்தக் கணக்கு புரியாதா என்ன!

கே: அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: குனிந்து அடியைப் பாருங்கள். இங்கிலாந்து ஸ்டெர்லிங் என்றால் நடைபோடும் சிங்கம் ஒன்று பொடியாகப் பதிந்திருக்கும். பக்கத்திலேயே ஊர் முத்திரை: லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பர்மிங்காமுக்கு நங்கூரம். கடலே இல்லாத ஊருக்கு நங்கூரமா? 1773-ல் தங்கள் ஊரிலேயே வெள்ளியைச் சோதித்து முத்திரையிடும் அலுவலகம் கேட்டு லண்டனுக்கு வந்த பர்மிங்காம், ஷெஃபீல்டுக்காரர்கள் கூடிப் பேசிய விடுதியின் பெயர் 'கிரவுன் அண்டு ஆங்கர்'. கிரீடத்தை ஷெஃபீல்டு எடுத்துக்கொள்ள, மிச்சம் பர்மிங்காமுக்கு என்பார்கள். கதைதான், ஆனாலும் நல்ல கதை.

இன்னொன்று. கிளைப் பகுதி பெரும்பாலும் தனியாகக் கழலும். கழற்றி, அதிலுள்ள ஆண்டைக் குறிக்கும் எழுத்து முத்திரையையும் பாருங்கள். அடிக்கு ஓர் ஆண்டு, கிளைக்கு வேறோர் ஆண்டு என்றால் நடுவில் யாரோ நடத்திவைத்த கல்யாணம் அது. விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

கே: அமெரிக்கக் கேண்டலாப்ரா ஒன்று செம கனம். எடைக்கு எடை வெள்ளி விலை கொடுக்கலாமா?

ப: சிமென்டுக்கு வெள்ளி விலையா? அடியில் 'வெயிட்டட்' என்று அவர்களே பொறித்திருப்பார்களே! கவிழாமல் நிற்பதற்காக உள்ளே சிமென்டோ பிசினோ அடைத்து, மேலே மெல்லிய வெள்ளித் தகடு போர்த்தியிருப்பார்கள்.

கே: வடிந்த மெழுகைக் கத்தியால் சுரண்டலாமா?

ப: கீறல்தான் மிஞ்சும். ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்து மெழுகை இளக்கி, பருத்தித் துணியால் துடையுங்கள். வெந்நீரில் ஊறப்போட்டால் உள்ளே அடைத்த பிசினும் இளகிவிடும். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவைக்காதீர்கள். அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும்.

கே: மதிய விருந்துக்கு ஏற்றலாமா?

ப: ஆங்கிலேயர் முறைப்படி பொழுது சாய்ந்த பிறகே. சுடர் கண்ணுக்கு நேரே நிற்கவும் கூடாது, எதிரே இருப்பவர் முகம் தெரியாது. சில விருந்துகளில் அதுவும் வசதிதான்.

கே: தாத்தா விட்டுப்போன கேண்டலாப்ரா தேய்த்துத் தேய்த்துப் பல்லை இளிக்கிறது. ஏமாந்துவிட்டாரா?

ப: ஸ்டெர்லிங் பல்லை இளிக்காது. ஆனால் 18-ஆம் நூற்றாண்டு 'ஷெஃபீல்டு பிளேட்'டாக இருந்தால் தாத்தா கெட்டிக்காரர். செம்போடு வெள்ளித் தகட்டை ஒட்டிச் செய்த அதைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. புதிதாக முலாம் பூசிவிடாதீர்கள். பளபளப்பு வரும், மதிப்பு போகும்.