எலும்புக்கூடு செய்த சரசம்

கேள்வி: பேய் கேமராவில் விழுமா?

பதில்: விழுந்தது, எழவில்லை. மேடையில் மனோவசியம் செய்துகாட்டியவரும், ஆவிகளையும் எண்ணப் பரிமாற்றத்தையும் ஆராய 1882-இல் லண்டனில் தோன்றிய கழகத்தில் பணியாற்றியவருமான ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித், ஒரே பிலிமில் இரண்டு காட்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதியும் இரட்டைப்பதிவு உத்தியால், பின்னாலிருக்கும் நாற்காலி மேசை தெரியும்படியான பேயை 1898-இல் ஒரு குறும்படத்தில் உலவவிட்டார். அந்தப் படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று கிடைப்பதில்லை என்பதால், பேயைவிடப் படமே திறமையாக மறைந்தது எனலாம்.

கேள்வி: அறிவியல் காதலுக்கு எதிரியா?

பதில்: சதைக்கு மட்டும். ரான்ட்ஜன் 1895-இல் கண்டறிந்த எக்ஸ் கதிர், அதாவது தசையை ஊடுருவி எலும்பைக் காட்டும் கதிர், 1897-இல் ஸ்மித் எடுத்த ஒரு நிமிடத்துக்கும் குறைவான படத்தில் சரசமாடும் இருவர்மீது விழ, அவர்கள் எலும்புக்கூடுகளாகவும் பெண்ணின் குடை வெறும் கம்பிகளாகவும் மாறிய பின்னும் ஆணின் கொஞ்சல் ஓயவில்லை. கருப்பு உடையில் வெள்ளை எலும்புகள் வரைந்ததே அங்கு நிகழ்ந்த விஞ்ஞானம். கதிர் நின்று, உடல் திரும்பிய பிறகுதான் அந்தப் பெண்ணுக்குக் கோபம் வருகிறது.