தும்பறைக் குகையும் டேவியின் தம்பியும்

கேள்வி: நவீன இரசாயனவியலின் ஆரம்ப காலத்துக்கும் எங்கள் கண்டிக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
- வாசகர், கட்டுகஸ்தோட்டை

பதில்: உண்டு, அதுவும் வெடிமருந்துத் தொடர்பு!

1807இல் சோடியத்தையும் பொற்றாசியத்தையும் பிரித்தெடுத்தவர் ஹம்ப்ரி டேவி. அவருடைய தம்பி ஜோன் டேவி. தம்பிதானே என்று தள்ளிவிடாதீர்கள். 1812இல் காபனோரொட்சைட்டையும் குளோரீனையும் வெயிலில் வைத்து பொஸ்ஜீன் வாயுவை உண்டாக்கியவர் அவர். குளோரீன் ஒரு மூலகமே என்று அண்ணன் சொன்னதை மறுத்தவர்களோடு மல்லுக்கட்டிய நேரத்தில் கிடைத்தது அது.

கண்டி இராச்சியம் வீழ்ந்த மறுவருடம், 1816இல், இராணுவ வைத்தியராக இலங்கை வந்தார். தும்பறை மலைக்காட்டில் இருந்த வெடியுப்புக் (வெடிமருந்துக்கு வேண்டிய பொற்றாசியம் நைத்திரேற்று) குகையைத் தேடிப்போய், அங்குள்ள பாறையைப் பகுப்பாய்வு செய்தார். அங்கே பாறைத்தூளோடு விறகுச் சாம்பலைக் கலந்து, நீரில் கரைத்து, வடித்துக் காய்ச்சி உப்பெடுத்தார்கள். சாம்பல் எதற்கு? இத்தகைய குகை மண்ணில் கல்சியம் நைத்திரேற்றும் இருக்கும். அது ஈரத்தை உறிஞ்சி வெடிமருந்தைக் கெடுத்துவிடும். சாம்பலிலுள்ள பொற்றாசியம் காபனேற்று, கல்சியத்தைச் சுண்ணக்கல்லாக அடியில் படியவைத்து, நல்ல வெடியுப்பைக் கரைசலில் விட்டுவிடும். அண்ணன் டேவி மின்சாரம் பாய்ச்சிப் பொற்றாசியத்தைப் பிரித்தார். எங்கள் மலைவாசிகளோ அடுப்புச் சாம்பலிலேயே அதை வேலைவாங்கினார்கள். இரண்டுமே இரசாயனவியல்தான், ஐயா!

தம்பி டேவி தன் இலங்கை அனுபவங்களை எழுதிய நூல் 1821இல் லண்டனில் வெளியானது. நூலகத்தில் கிடைத்தால் குகைப் பகுதியை முதலில் படியுங்கள்.